வே என்று தொடங்கும் சொற்கள்

ஜூன் 3

இன்று காலையில் விழிப்பலகையைக் கட்ட ஆரம்பித்தேன். கட்டுவது என்றால் சிமெண்ட் வேலை இல்லை. எங்கேயோ இருக்கும் ஒரு புண்ணியவான் எழுதி இலவசமாக வைத்திருக்கும் மூல நிரலை இறக்கி, நம் கணினிக்குப் புரிகிற மாதிரி மாற்றி, ஓடுகிற மென்பொருளாக ஆக்குவது. பாலிடெக்னிக் லேபில் வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சொல்லிக்கொடுக்கும்போது எல்லாம் சுலபமாகத்தான் இருக்கும்.

இது முடிந்தால் என் வீட்டுக்காரர் கண்ணாலேயே எழுதலாம். திரையில் எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அதைக் கேமரா கண்டுபிடித்து எடுத்துக்கொள்ளும். எழுதி முடித்ததைக் குரலில் வாசிக்கும். ஆங்கிலத்தில் இந்த மாதிரி நிறைய உண்டு. தமிழுக்கு, நான் தேடிய வரையில் அகப்பட்டது இது ஒன்றுதான்.

அவருக்கு முதலில் கை போயிற்று, பிறகு கால், போன தீபாவளியோடு பேச்சு. மூளையின் ஆணையைத் தசைக்குக் கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற நோய். குணமாக்கும் மருந்து கிடையாது. புத்தி அப்படியே இருக்கும், காது கேட்கும், கண் அசையும். மூக்கில் மாட்டிய முகமூடி வழியாக ஒரு மெஷின் மூச்சைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

நிரல் தொகுக்கும்போது திரையில் வரிவரியாக ஓடும். எனக்கு அந்தத் தொணதொணப்பு ஆகாது. அதனால் எப்போதும் போல ‘அமைதி’ விருப்பத்தைப் போட்டுத்தான் ஓடவிட்டேன். எந்தப் பகுதியில் வேலை நடக்கிறது என்று தலைப்பை மட்டும் காட்டும், மற்றபடி வாயை மூடிக்கொண்டிருக்கும். வரிசையாகத் தலைப்புகள் வந்தன. ‘பேச்சுத் தொகுதி’ என்று வந்ததும் நின்றது. சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தேன். அங்கேயே நின்றது.

ஜூன் 4

அங்கேயே நிற்கிறது.

ஜூன் 6

நினைவகம் போதவில்லை என்று நினைத்து வன்தட்டில் இடம் ஒதுக்கிக் கொடுத்துப் பார்த்தேன். பழையபடி பேச்சுத் தொகுதியில் வந்து உட்கார்ந்துகொண்டது. பிழை என்று ஒரு வரி போட்டுச் செத்தாலாவது நல்லது. பிழைச் செய்தியைப் பிடித்துக்கொண்டு தேடலாம். இது பிழையும் சொல்வதில்லை, முடிவதும் இல்லை. கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கிறது.

அவசரம் எனக்கு ஏன் என்றால், டாக்டர் போன தடவையே அவர் கட்டில் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டார். முகமூடி இன்னும் கொஞ்ச காலம்தான் தாங்குமாம். அதற்குப் பிறகு கழுத்தில் துளை போட்டுக் குழாய் இறக்கி மெஷினோடு நிரந்தரமாக இணைக்க வேண்டும். இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். “போட்டா வருஷக்கணக்கில இருக்கலாம்மா. ஆனா போட்டத அப்புறம் எடுக்கிறதில்ல. அவசரத்தில வந்து நின்னா நிதானமாக் கேக்க முடியாது. இப்பவே அவரக் கேட்டு வச்சுக்கிடுங்க” என்றார்.

இப்போதே கேட்கலாம்தான். அட்டை இருக்கிறது. ஒரு பக்கம் மெய்யெழுத்து வரிசை, கீழே உயிரெழுத்து வரிசை. நான் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். அவர் வேண்டிய எழுத்தில் கண்ணை மூடித் திறப்பார். முதலில் மெய், பிறகு அதோடு சேரும் உயிர். ‘தண்ணி’ என்று எழுதி முடிப்பதற்குள் தாகமே தீர்ந்துவிடும். ஆம் என்றால் ஒரு சிமிட்டல், இல்லை என்றால் இரண்டு என்று ஒரு ஏற்பாடும் உண்டு. அது அவருக்குப் பிடிக்காது. பேச்சு இருந்த கடைசி நாட்களில் குழறிக் குழறிச் சொன்னார்: “நீ கேக்க கேள்விக்குள்ளயே பதிலையும் வச்சிருப்ப பேச்சி. எனக்கு என்ன மிச்சம்?”

இவ்வளவு பெரிய விஷயத்தை அட்டையில் பேச முடியாது. விழிப்பலகை வந்ததும் முழு வாக்கியமாக, அவருடைய வாக்கியமாக, அவரே சொல்லட்டும். அதுவரை நான் கேட்கப் போவதில்லை.

ஜூன் 10

என் பெயர் பேச்சியம்மாள். குலதெய்வத்தின் பெயர். கல்யாணமான புதிதில் இவர், “பேரிலேயே பேச்சு இருக்கு, பின்ன எனக்கு எப்படி முறை வரும்?” என்பார். இவர் ‘நாளைக்கு’ என்று ஆரம்பித்தால் நான் ‘சலவைக்குப் போட்டாச்சு’ என்பேன். ‘அந்த’ என்றால் ‘மேல் தட்டில்’ என்பேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தப்பாக இருக்கும்போது இவர் திருத்த மாட்டார், சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். அது தப்பு என்று எனக்கு ரொம்ப நேரம் கழித்துத்தான் தெரியும்.

நம்பிராஜன் என்று இவர் பெயரைச் சொன்னால் பாளையங்கோட்டை அச்சகங்களில் தெரியும். பள்ளிக்கூட நோட்ஸ் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்தியவர். பால் கணக்குச் சீட்டில்கூட ‘வேணும்’ என்று எழுத மாட்டார், ‘வேண்டும்’ என்றுதான் எழுதுவார். பிழையைப் பற்றி ஒரு கொள்கை வைத்திருந்தார். பெரிய பிழையைப் பற்றிப் பயமில்லை, அதை எவனும் கண்டுபிடிப்பான். ஒரு எழுத்து மாறி, மாறிய பிறகும் அது நல்ல சொல்லாகவே இருக்கிறது பார், அதுதான் ஆளைக் கவிழ்க்கும் என்பார்.

இன்று நிரலைத் தொகுக்கிற தொகுப்பானைப் பழைய பதிப்புக்கு மாற்றினேன். மாற்றம் இல்லை.

ஜூன் 13

கரண்டு போயிற்று. இன்வெர்ட்டர் மூச்சு மெஷினுக்கு மட்டும்தான். மடிக்கணினியின் பேட்டரி செத்து மாமாங்கம் ஆகிறது, அதனால் எல்லாம் அணைந்தது. மறுபடி முதலிலிருந்து.

ஜூன் 15

ஆவுடை வந்தாள். இவருடைய தங்கை. தெற்கு பஜாரில் துணிக்கடையில் வேலை, லீவு கிடைத்தால் இங்கே வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். நான் மடிக்கணினியோடு ஹாலில் இருந்தேன்.

“மைனி, அண்ணன் என்னமோ சொல்லணும்னு பாக்காவ. அந்த அட்டைய எடுத்துட்டு வாங்க.”

“இப்ப ஓடிட்டு இருக்கு ஆவுடை. இத விட்டு எந்திரிக்க முடியாது.”

“எங்க ஓடுது? காலையிலருந்து ஒரே வரிதான நிக்கி?”

எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. இது எந்த நேரத்திலும் நகரலாம், நகரும்போது நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று விளக்கினேன். அவளே அட்டையை எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு அந்த வாசிப்பு பழக்கமில்லை, அவசரப்படுவாள். கொஞ்ச நேரத்தில் வந்து, “கு, ழா வரைக்கும் வந்துச்சு. அப்புறம் இருமல் வந்துட்டு” என்றாள்.

குழாயடியில் தண்ணீர் திறந்து கிடக்கிறது என்று சொல்லியிருப்பார். அந்தச் சத்தம் அவருக்கு ஆகாது. போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

ஜூன் 18

ஒரே நேரத்தில் நான்கு வேலை பார்க்காமல் ஒன்று ஒன்றாகச் செய் என்று கட்டளை மாற்றினேன். ரொம்ப நம்பிக்கையோடு. மெதுவாகப் போய் அதே இடத்தில் நின்றது. இனி என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் ஆள் இல்லை. அந்த நிரலை எழுதியவருக்கு மின்னஞ்சல் போட்டேன், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்துவிட்டது.

ஜூன் 20

அவருக்குச் சளி. உடம்பு சுடுகிறது.

ஜூன் 21

ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலையில் நாடித்துடிப்பு, ஆக்ஸிஜன் எல்லாம் கீழே போய்விட்டது. முகமூடியால் தாங்க முடியவில்லை. டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். “கேட்டு வச்சீங்களாம்மா?” என்றார். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே வந்து அவரே இவர் முகத்துக்கு நேரே குனிந்து, “நம்பிராஜன், கழுத்தில குழாய் போடணும். சம்மதம்னா ஒரு தடவ கண்ண மூடுங்க, வேண்டாம்னா ரெண்டு தடவ” என்றார். காய்ச்சலில் இமை படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. அதை யாராலும் எண்ண முடியாது. “இத வச்சு நான் முடிவு பண்ண முடியாது. அட்டையில கேட்டுச் சொல்லுங்க, சீக்கிரம்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நான் அட்டையைப் பிடித்தேன். ஆவுடை பின்னால் நின்றாள். அவர் கண் தெளிந்தது. சத்தியமாகத் தெளிந்தது, நான் பார்த்தேன். வாசிக்க ஆரம்பித்தேன். வ-வில் மூடினார். உயிர் வரிசையில் ஏ. அப்புறம் ண். அப்புறம் ட. எல்லாம் சரியாக, பழைய நாள் மாதிரி வந்தது. ட-வுக்கு உயிர் வாசித்தேன். அ. ஆ. அந்த இடத்தில் ஒரு சிமிட்டல் சிமிட்டினார். கண் காய்ந்திருந்தது, அப்படித்தான் அவ்வப்போது சிமிட்டிக்கொண்டிருந்தார், அதனால் மேலே போனேன். இ. ஈ. உ. உ-வில் கண்ணை மூடினார். மூடியவர் திறக்கவில்லை. அசந்துவிட்டார்.

வேண்டும்.

டாக்டரிடம் போய், “வேணும்னு சொல்லிட்டாங்க” என்றேன். கையெழுத்துப் போட்டேன். உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

வராந்தாவில் ஆவுடை சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “ஆ-வுலயே கண்ண மூடுனாவல்லா மைனி.”

“அது சும்மா சிமிட்டுனது.”

“நீங்க நிக்காமப் போயிட்டிய.”

“உ-வுல எவ்வளவு நேரம் மூடியிருந்தாங்க பாத்தியா இல்லையா?”

பார்த்தேன் என்றாள். நான் காபி வாங்கிக் கொடுத்தேன், குடித்தாள்.

ஜூன் 22

குழாய் போட்டாயிற்று. பிழைத்துக்கொண்டார்.

ஜூலை 8

வீட்டுக்கு வந்துவிட்டோம். புது மெஷின், புதுச் சத்தம். சளியை உறிஞ்சி எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். செய்கிறேன். கழுத்தில் அந்த ஓட்டையைத் துடைக்கவும் பழகிவிட்டேன். வயிற்றுக்குக் குழாய் வழியாகக் கஞ்சி. துணி துவைக்க ஒரு பாடு. இட்லிக்கு ஊறப்போட்டது புளித்துக் கொட்டினேன்.

எழுத்து அட்டை ஆஸ்பத்திரியிலேயே எங்கேயோ போய்விட்டது. கேட்டுப் பார்க்கலாம். அல்லது ஒன்று எழுதிக்கொள்ளலாம். விழிப்பலகைதான் வரப்போகிறதே.

ஜூலை 12

நான் உள்ளே போனால் அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். களைப்பு. இந்த நோயில் தூக்கம் அதிகமாக வரும் என்று படித்திருக்கிறேன்.

ஜூலை 14

ஆவுடை மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுத்துகளை எழுதிக் கொண்டுவந்திருந்தாள். சாக்பீஸ் மாதிரி தடித்த எழுத்து, ழகரம் கோணல். மெய்ப்புத் திருத்துபவரிடம் இதைக் காட்டினால் அவரே பாதி நேரம் அதைத் திருத்திக்கொண்டிருப்பார் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

“நான் போனா முழிச்சுட்டுத்தான் இருக்காவ மைனி.”

“அப்ப நீயே கேளு.”

“என்னய வச்சு எழுத மாட்டேங்காவ. கதவையே பாக்காவ.”

எனக்கு நிறைய வேலை இருந்தது. காலண்டரைச் சுருட்டி அலமாரி மேல் வைத்தேன். இன்னும் ரெண்டு நாளில் மென்பொருள் தயாராகிவிடும், அப்போது இதெல்லாம் எதற்கு என்றேன். ரெண்டு நாளில் தயாராகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. வாயில் வந்தது.

ஜூலை 19

வேறு இயங்குதளம் போட்டேன். எல்லாவற்றையும் அழித்து, புதிதாக. அதே இடம். எனக்கு அழுகை வந்தது. நாற்பது தாண்டியவள் ஒரு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து அழுதேன் என்று எழுதிவைக்கிறேன். இது ஓடாது. ஒருநாளும் ஓடாது. ஓடாவிட்டால் என்ன என்றும் ஒரு எண்ணம் வந்தது. அதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

ஜூலை 22

ஜெபசிங் போன் பண்ணினான். பாலிடெக்னிக்கில் எனக்குப் பக்கத்து மேசை. இப்போது என் இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறான். சார் எப்படி இருக்கிறார் என்று கேட்டான். நான் பேச்சுத் தொகுதியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, செய்தது எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று கேட்டான்.

“அது நிக்கும்போது மடிக்கணினி ஃபேன் இரையுதா மேடம்?”

யோசித்துப் பார்த்தேன். இல்லை. பேச்சுத் தொகுதி வரைக்கும் இரைச்சல் தாங்காது, அங்கே வந்ததும் சத்தம் அடங்கிவிடும். இத்தனை நாளும் அதை நல்லது என்று நினைத்திருந்தேன்.

“அப்ப அது திணறல மேடம். திணறுனா சூடாவும், ஃபேன் சுத்தும். இது சும்மா நிக்கி. எதுக்கோ காத்துக்கிட்டு நிக்கி.”

“எதுக்கு?”

“அதத்தான் பாக்கணும். நாளைக்கு வாரேன்.”

ஜூலை 23

ஜெபசிங் மதியம் வந்தான். முதலில் உள்ளே போய் அவரைப் பார்த்தான். வெளியே வந்து மோர் குடித்தான். பிறகு, நின்றுபோன நிரல் உள்ளுக்குள் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற கருவி ஒன்றை ஓட்டினான். ஒரே ஒரு வரி வந்தது. நிரல் விசைப்பலகையிலிருந்து படிக்கக் காத்திருக்கிறது என்று அந்த வரிக்கு அர்த்தம்.

“கேள்வி ஏதோ கேட்டிருக்கு மேடம். பதிலுக்கு நிக்கி.”

“கேள்வியே வரலையே திரையில.”

அவன் என் கட்டளையைப் பார்த்தான். அதில் இருந்த ‘அமைதி’ விருப்பத்தின் மேல் விரலை வைத்தான். குத்திக்காட்டவில்லை, நல்ல பிள்ளை. அதை எடுத்துவிட்டு மறுபடி ஓடவிட்டோம். வரிகள் கொட்டின. பேச்சுத் தொகுதியில் வந்ததும் திரையில் தெளிவாக எழுதியிருந்தது: இந்தக் குரலைப் பயன்படுத்தும் நிபந்தனைகளை ஏற்கிறீர்களா? ஆம் அல்லது இல்லை.

அவ்வளவுதான். ஜூன் மூன்றாம் தேதியிலிருந்து அது என்னிடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. வாயை மூடு என்று சொன்னதால், சத்தமில்லாமல் கேட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறது. நான் நினைவகம் கூட்டினேன், தொகுப்பானை மாற்றினேன், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டேன். சிரிப்பு வந்தது. ஜெபசிங்கும் சிரித்தான். பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

‘ஆம்’ என்று அடித்தேன். ரசம் கொதிப்பதற்குள் முடிந்துவிட்டது.

ஜூலை 24

கேமராவை மாட்டவில்லை. வீடு ஒட்டடை அடித்தேன்.

ஜூலை 25

மின் கட்டணம் கட்டப் போனேன். திரும்பும்போது மழை.

ஜூலை 26

ஆவுடை லீவு போட்டுவிட்டு வந்து, “இன்னைக்கு மாட்டுங்க மைனி” என்றாள்.

மாட்டினேன். கட்டிலுக்கு நேரே திரை, கீழே கேமரா. கண்ணைத் திறந்துதான் இருந்தார். திரையின் நான்கு மூலையிலும் புள்ளி வரும், அதைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பார்த்தார். ஒரு தடவையிலேயே பிடித்துக்கொண்டது.

பயிற்சிக்காக அவர் பெயரை எழுதச் சொன்னேன். கேட்கவில்லை. நேரே வ-வுக்குப் போனார். பிறகு ஏ. திரையின் ஓரத்தில் சொற்களின் பட்டியல் வந்தது. முதல் இரண்டு எழுத்தை வைத்து, தமிழில் அதிகமாக எழுதப்படும் சொற்களை அதுவாகவே முன்னால் கொண்டுவரும். வேண்டும். வேலை. வேறு. வேண்டாம்.

முதல் சொல்லை அவர் பார்த்துவிட்டால் போதும், அதுவே எடுத்துக்கொள்ளும். எவ்வளவு சுலபம். என் மனதுக்குள் நான் அந்தச் சொல்லைத் தள்ளிக்கொண்டிருந்தேன், பாருங்க, பாருங்க என்று. அவர் கண் அதைத் தாண்டியது. வேலையைத் தாண்டியது. வேறு என்பதைத் தாண்டியது. கடைசிச் சொல்லில் நின்றது.

“வேண்டாம்” என்றது மெஷின். செய்தி வாசிக்கிறவரின் குரல். அவருடைய குரல் இல்லை.

“என்ன வேண்டாம்? தலகாணியா? உசரமா இருக்கா?” என்றேன்.

“வேண்டாம்.”

“ஃபேனக் குறைக்கட்டா? வெளிச்சம் கண்ணுல அடிக்கா? இந்தத் திரையே வேண்டாமா?”

ஆவுடை எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். அவர் என்னைப் பார்த்தார். முன்பெல்லாம் தப்பாக நான் முடித்து வைக்கும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை. ஆனால் இந்தத் தடவை சிரித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. மறுபடி திரைக்குப் போனார். அ. ன். பட்டியலில் அன்பு வந்தது, அன்னை வந்தது. எதையும் எடுக்கவில்லை. எழுத்தெழுத்தாகவே போனார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. தெரிந்தும் முடித்துவைக்காமல் நான் உட்கார்ந்திருந்தது என் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“அன்றும்” என்றது மெஷின்.

மெய்ப்புத் திருத்திவிட்டார். ஆ-வை உ என்று நான் படித்துவிட்டேன். ஒரு எழுத்து.

ஜூலை 27

அவர் காலடியில் உட்கார்ந்து மன்னிப்பு கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். அது சரி என்றா, போ என்றா, சும்மா சிமிட்டியதா, தெரியவில்லை. இனிமேல் எந்தச் சிமிட்டலுக்கும் நான் அர்த்தம் சொல்ல மாட்டேன்.

ஜூலை 30

டாக்டரைப் பார்க்கப் போனேன், தனியாக. நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“போடாம இருந்திருக்கலாம்மா. அது ஒரு முடிவு. யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. போட்டத எடுக்கணும்னா அது வேற கதை. என்னால முடியாது. இந்த ஊர்ல எவரும் செய்வாருன்னு எனக்குத் தோணல.”

“அவர் இன்னும் எத்தன நாள்…”

“மெஷின் நல்ல மெஷின்மா. நீங்க நல்லாப் பாத்துக்கிடுறீங்க. வருஷக்கணக்கில இருப்பாரு.”

போன தடவை இதைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது.

அவரிடம் வந்து எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். ஒன்றையும் விடவில்லை, கூட்டவில்லை. கேட்டுவிட்டுத் திரையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 4

ஒரு முழு வாக்கியம் எழுதினார். பாதியில் நின்று, களைத்து, மறுபடி தொடங்கி. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ‘பேச்சி நீ’ என்று வந்து நின்றபோது எனக்கு எத்தனையோ முடிவுகள் தோன்றின. ஒன்றையும் சொல்லவில்லை. காத்திருந்தேன்.

“பேச்சி நீ பயந்துவிட்டாய்” என்றது மெஷின்.

ஆமாங்க என்றேன். பயந்தேன். இவர் இல்லாத வீட்டை நினைத்துப் பயந்தேன். அதனால் கேட்காமலே நாளைக் கடத்தினேன், கேட்டபோது எனக்கு வேண்டியதைப் படித்தேன். அந்த ஆ-வை நான் பார்த்தேன் என்றேன். பார்த்துவிட்டுத்தான் மேலே போனேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். அவர் அதற்கு ஒன்றும் எழுதவில்லை. எனக்கும் எதிர்பார்க்க உரிமையில்லை.

ஆகஸ்ட் 11

ஆவுடை காலண்டர் அட்டையை அலமாரியிலிருந்து எடுத்துப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டாள். அவளும் நானும் சேர்ந்து அவருக்கு முதுகு துடைத்தோம். என்னோடு சாதாரணமாகத்தான் பேசுகிறாள், கடைக் கதை எல்லாம் சொல்கிறாள். ஆனால் நான் ஒரு வாக்கியத்தை முடித்துவைத்தால் நிறுத்திவிடுகிறாள்.

ஆகஸ்ட் 19

விழிப்பலகை பழகிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. யார் பயன்படுத்துகிறார்களோ அவர்கள் அடிக்கடி சொல்கிற சொல்லைப் பட்டியலில் மேலே ஏற்றும். அப்படி ஒரு சொல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்துகொண்டிருந்தது, நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இன்று காலையில் சளி எடுத்து முடித்ததும் அவர் திரைக்குப் போய் வ, ஏ என்று பார்த்தார். வேண்டாம் முதலில் வந்தது. வேண்டும் நாலாவதாகப் போய்விட்டது.

“அத மாத்தி வைக்க முடியாதா மைனி?” என்று ஆவுடை மெல்லக் கேட்டாள்.

முடியும். ஒரு கோப்பில் ஒரு எண், அவ்வளவுதான். அவரைப் பார்த்தேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேண்டாம்” என்றேன். அது சரியாகத்தான் வேலை செய்கிறது.